சாவோ சிங்கங்கள் எத்தனை பேரைத் தின்றன? ஆப்பிரிக்க வேட்டை நினைவு நூல்களுக்கு ஓர் அறிமுகம்

சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஆண் சிங்கங்கள் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் பிடரி இல்லை. கதையைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவு சின்னதா என்று தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. அவற்றைச் சுட்ட ஜான் ஹென்றி பேட்டர்சன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, தோலை உரித்துத் தன் வீட்டில் தரைவிரிப்பாகப் போட்டிருந்தார். 25 ஆண்டுகள் அப்படிக் கிடந்த தோல்களை 1924இல் அருங்காட்சியகம் 5,000 டாலர் கொடுத்து வாங்கியது. விரிப்புக்காக ஓரம் வெட்டிய தோலை மறுபடி சிங்கமாக நிமிர்த்தினால் சிங்கம் சுருங்கத்தானே செய்யும்?

நடந்தது 1898இல். மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை பிரிட்டிஷ் அரசு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. இப்போதைய கென்யாவில் இருக்கும் சாவோ ஆற்றின் மேல் பாலம் கட்டும் பொறுப்பு பேட்டர்சனுக்கு. கூலிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் போனவர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். மொத்தப் பாதைக்கும் சேர்த்துச் சுமார் 32,000 பேர் போனார்கள், ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். சாவோவில் இரவானால் இரண்டு சிங்கங்கள் முள்வேலியைத் தாண்டி வந்து கூடாரத்துக்குள் தூங்குகிறவர்களை இழுத்துப்போயின. மாதக்கணக்கில் இது நடந்தது. ஒரு கட்டத்தில் தொழிலாளர்கள் ரயிலை மறித்து ஏறி ஊரைவிட்டே ஓடினார்கள். வேலை நின்றது. டிசம்பர் 9ஆம் தேதி முதல் சிங்கத்தையும் 29ஆம் தேதி இரண்டாவதையும் பேட்டர்சன் சுட்டார்.

சரி, எத்தனை பேர் செத்தார்கள்? 1907இல் வெளிவந்த தன் புத்தகத்தில் பேட்டர்சன் 28 இந்தியத் தொழிலாளர்கள் என்று எழுதினார். கூடவே இறந்த ஆப்பிரிக்கர்களுக்குக் கணக்கு வைக்கப்படவில்லை என்றும் சொன்னார். 1925இல் அவரே எழுதிய ஒரு சிறு நூலில் எண்ணிக்கை 135 ஆகிவிட்டது. 2009இல் ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சிங்கங்களின் எலும்பையும் முடியையும் எடுத்து, அவை வாழ்நாளின் கடைசியில் என்ன தின்றன என்று வேதியியல் முறையில் கணக்கிட்டார்கள். தின்னப்பட்ட மனிதர்கள் சுமார் 35 பேர் என்று வந்தது. அதுவும் துல்லியமான எண் இல்லை. 4 பேராகவும் இருக்கலாம், 72 பேராகவும் இருக்கலாம், நடுவில் 35.

28, 135, 35. ஆப்பிரிக்க வேட்டை நினைவு நூல் என்றால் என்னவென்று கேட்பவரிடம் நான் முதலில் சொல்வது இந்த மூன்று எண்களைத்தான். நடந்தது நிஜம். சொன்னவர் அங்கே இருந்தார், பயந்தார், சுட்டார். ஆனால் எழுதும்போது நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பலமுறை சொன்ன கதை அது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சிங்கம் கொஞ்சம் நீளும். யாரை எண்ணினார்கள், யாரை எண்ணவில்லை என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும்.

இந்த நூல்வகைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது ‘கேம்’ என்ற சொல்லில். விளையாட்டு என்றுதான் பள்ளியில் படித்தோம். இவர்கள் பேச்சில் அது வேட்டையாடத் தகுந்த காட்டு விலங்கு. பிக் கேம் என்றால் யானை, காண்டாமிருகம், காட்டெருமை, சிங்கம் போன்ற பெரிய உருப்படிகள். கேம் ரிசர்வ் என்பது அந்த விலங்குகளை ஒதுக்கி வைத்த காடு. அதைக் காப்பவர் கேம் வார்டன். (வார்டன் என்றதும் எனக்கு மாணவர் விடுதிதான் ஞாபகம் வரும். பெரிய வித்தியாசம் இல்லை, இருவரும் யார் எப்போது உள்ளே வரலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.) ‘ஐந்து பெரியவை’ என்று இன்று சுற்றுலா விளம்பரங்களில் வருகிற சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற பட்டியலும் வேட்டைக்காரர்கள் போட்டதுதான். அது உடல் அளவை வைத்துப் போட்ட பட்டியல் இல்லை. இல்லையென்றால் நீர்யானையை விட்டுவிட்டுச் சிறுத்தையைச் சேர்த்திருக்க மாட்டார்கள். நடந்துபோய் வேட்டையாடும்போது எது திரும்பி வந்து ஆளைக் கொல்லும் என்பதுதான் கணக்கு. சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல், பயணம் என்று பொருள், வேர் அரபு. நம் ஊரில் கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்த சஃபாரி சூட் வரைக்கும் அந்தச் சொல் நடந்து வந்திருக்கிறது.

இந்த நூல்களை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. முதலில் வந்தவர்கள் தந்த வியாபாரிகள். பியானோக் கட்டைக்கும் பில்லியர்ட்ஸ் பந்துக்கும் ஐரோப்பாவில் தந்தம் வேண்டியிருந்தது. அதற்காகக் காட்டுக்குள் போனார்கள். ஃபிரெடரிக் செலூஸ் 19 வயதில், 1871இல் தென்னாப்பிரிக்காவில் இறங்கியவர். பத்தாண்டு அலைந்துவிட்டு 1881இல் புத்தகம் போட்டார். அதைப் படித்துவிட்டுக் கப்பலேறியவர்கள் ஏராளம். ஸ்காட்லாந்துக்காரரான வால்டர் பெல், உகாண்டாவின் கரமோஜா பகுதியில் அலைந்ததால் கரமோஜோ பெல் என்று பெயர் பெற்றார். அவர் கணக்குப்படி சுட்ட யானைகள் 1,011. மற்றவர்கள் பீரங்கி மாதிரி துப்பாக்கி தூக்கிக்கொண்டு போனபோது இவர் சின்னக் குண்டுத் துப்பாக்கியையே அதிகம் பயன்படுத்தினார். செத்த யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று படித்துவைத்திருந்தார். எந்தக் கோணத்தில் நின்றால் எங்கே குறிவைக்க வேண்டும் என்று அவர் எழுதுவதைப் படித்தால் தச்சர் மரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். கோபம் இல்லை, வீரம் பேசுவதும் இல்லை. அதுதான் இன்னும் கலக்குகிறது.

அப்புறம் வந்தவர்கள் பொழுதுபோக்குக்கு வந்த பணக்காரர்கள். அவர்களில் தலையானவர் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1909 மார்ச்சில் பதவியை விட்டு இறங்கியதும் மகன் கெர்மிட்டுடன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கும் பயணம் என்று பெயர். அப்பாவும் மகனும் சேர்ந்து சுட்டது 512 விலங்குகள். பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுத ஒரு பத்திரிகை அவருக்குக் கொடுத்தது 50,000 டாலர். ஆக, வேட்டைக்கு முன்பே விற்றுவிட்ட நினைவுக் குறிப்பு இது. பணம் வாங்கியபின் சிங்கம் வரவில்லை என்று எழுத முடியுமா?

மூன்றாவது வகை எனக்குப் பிடித்தது: சம்பளத்துக்கு வேலை பார்த்த வார்டன்கள், ரேஞ்சர்கள். இவர்கள் புத்தகத்தில் மழை வரும், கழுதைக்கு நோய் வரும், மேலதிகாரியின் கடிதம் வரும். இரவு ரோந்தும் கணக்குப் புத்தகமும் மலேரியாவும்தான் முக்கால்வாசி. அதனால்தான் அபாயம் வரும் பக்கம் நம்பும்படி இருக்கிறது.

உதாரணத்துக்கு ஹாரி வோல்ஹூட்டர். தென்னாப்பிரிக்காவின் சாபி காப்புக்காட்டில் 1902 முதல் 44 ஆண்டுகள் ரேஞ்சராக இருந்தவர். 1903 ஆகஸ்டில் ஒருநாள் ரோந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கிறார். குதிரை மேல் அவர் முன்னால் வந்துவிட்டார். ஆட்களும் சுமைக் கழுதைகளும் பின்னால். இருட்டத் தொடங்கிவிட்டது. நாய் குரைத்தது. புல்லுக்குள் ஏதோ மான் என்று நினைத்தார். சிங்கம் குதிரை மேல் பாய்ந்தது, குதிரை துள்ளியது, இவர் கீழே விழுந்தார். விழுந்த இடத்தில் இரண்டாவது சிங்கம். அது வலது தோளைக் கவ்வி, இவரைத் தன் வயிற்றுக்கடியில் மல்லாக்கப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தது. முகம் சிங்கத்தின் பிடரியில் அழுந்திக்கிடந்தது. பூட்ஸின் குதிமுள் தரையில் மாட்டிக்கொண்டே வந்தது. எலி பிடித்த பூனை மாதிரி அந்தச் சிங்கம் உறுமிக்கொண்டே போனது என்று எழுதுகிறார்.

அப்போதுதான் இடுப்பில் கத்தி இருப்பது ஞாபகம் வந்தது. உறை தளர்வு, குதிரையிலிருந்து விழுந்தால் கத்தி நழுவிப் போவது வழக்கம். அன்றைக்கு இருந்தது. வலது கை சிங்கத்தின் வாயில் இருக்கிறது, ஆகவே இடது கையால் முதுகுப் பக்கம் தடவி எடுத்தார். சிங்கம் நின்றதும் அதன் இடது தோளுக்குப் பின்னால், இதயம் இருக்கும் இடம் என்று ஊகித்து இரண்டு முறை குத்தினார். பிறகு தொண்டையில் ஒரு குத்து. சிங்கம் விலகி இருட்டுக்குள் போனது. கொஞ்ச நேரம் முனகல் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. குதிரையைத் துரத்திப் போன முதல் சிங்கம் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். ஒற்றைக் கையோடு ஒரு மரத்தில் ஏறினார். மயக்கம் போட்டு விழாமலிருக்க உடம்பைக் கிளையோடு கட்டிக்கொண்டார். நினைத்தபடியே அது வந்தது. அவருடைய நாய் அதைச் சுற்றிச் சுற்றிக் குரைத்து, ஆட்கள் வந்து சேரும்வரை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டது.

அந்தக் கத்தியும் சிங்கத்தின் தோலும் க்ரூகர் தேசியப் பூங்காவில் ஸ்குகூஸா முகாமில் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. வோல்ஹூட்டர் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டது 1948இல், சம்பவம் நடந்து 45 ஆண்டு கழித்து. நான் இதை நம்புகிறேன். கத்தி உறையில் இருந்தது தற்செயல் என்று அவரே ஒப்புக்கொள்வதால் நம்புகிறேன். கதை விடுகிறவர் அந்த இடத்தில்தான் தன் சாமர்த்தியத்தைப் போட்டிருப்பார்.

ஸ்குகூஸா என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. வோல்ஹூட்டரின் மேலதிகாரி, சாபி காப்புக்காட்டின் முதல் வார்டன் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன். அவருக்கு உள்ளூர் ஆட்கள் வைத்த பட்டப்பெயர் அது. பெருக்கித் தள்ளுபவர் என்று பொருள் சொல்வார்கள். கள்ள வேட்டையைப் பெருக்கித் தள்ளினார் என்பது பாராட்டு. காப்புக்காட்டுக்குள் குடியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களையும் வெளியேற்றினார் என்பது பெயரின் இன்னொரு பாதி. 1902இல் வந்தவர் 1946 வரை இருந்தார். மான்கள் பெருக வேண்டும் என்பதற்காக முதலில் சிங்கத்தைக் கண்ட இடத்தில் சுடச் சொன்னவரும் அவர்தான். சிங்கமும் காட்டில் ஒரு பங்காளி என்று பிறகு மனம் மாறிச் சிங்கத்துக்காக வாதாடியவரும் அவர்தான். 1926இல் அந்தக் காடு க்ரூகர் தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டு பார்வையாளர்களாக வந்தவை மொத்தம் மூன்று கார்கள். வந்தவர்கள் பார்க்க விரும்பியது மானை இல்லை, சிங்கத்தை.

இந்த நூல்களில் புதிதாக நுழைகிறவர்களுக்குப் பெரிய குழப்பம் இதுதான்: காப்பவர் ஏன் இவ்வளவு சுடுகிறார்? வார்டன் வேலையில் பாதி சுடுவதுதான். பயிரை மிதிக்கிற யானை, மாட்டை அடிக்கிற சிங்கம், ஆளைத் தின்னப் பழகியது, எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவது அவர் அலுவலகத்துக்குத்தான். கென்யாவில் ஜே. ஏ. ஹன்டர் என்பவர் (பெயரே அப்படி) 1944 முதல் 1946 வரை மகுவேனி பகுதியில் கம்பா மக்களுக்கு விவசாய நிலம் ஒதுக்குவதற்காகச் சுட்டுத் தள்ளிய காண்டாமிருகங்கள் 996. அரசு உத்தரவு, அரசுச் சம்பளம். உலகமே அறிந்த எல்சா என்ற பெண் சிங்கத்தின் கதையும் ஒரு தோட்டாவில்தான் ஆரம்பிக்கிறது. 1956இல் கென்யாவின் வடக்கு எல்லை மாவட்டத்தில் வார்டனாக இருந்த ஜார்ஜ் ஆடம்சன், தன்மேல் பாய்ந்த ஒரு தாய்ச் சிங்கத்தைச் சுட்டார். அது பாய்ந்தது குட்டிகளுக்காக என்று பிறகுதான் தெரிந்தது. எடுத்து வளர்த்த மூன்று குட்டிகளில் ஒன்று எல்சா.

வேட்டைக்காரர்தான் காவலராகவும் ஆனார். 1903இல் லண்டனில் ஆப்பிரிக்க விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் பலர் பழைய வேட்டைக்காரர்கள். ‘மனம் திருந்திய கசாப்புக்காரர்கள்’ என்று அக்காலத்தவர் கேலி செய்தார்கள். அந்தச் சங்கம் பெயர் மாறி இன்றைக்கும் இயங்குகிறது.

இந்த மாற்றத்தில் ஒரு சொல் நுழைந்தது: கள்ள வேட்டை. பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியூர்க்காரர் வேட்டையாட அனுமதிச் சீட்டு 50 பவுண்டு. அங்கே அப்போது புழக்கத்தில் இருந்தது இந்திய ரூபாய், பவுண்டுக்குப் பதினைந்து ரூபாய் மேனிக்கு 750 ரூபாய். அதைக் கட்ட முடிந்தவர் செய்வது வேட்டை. கட்ட முடியாதவர், தாத்தா காலத்திலிருந்து செய்துவந்த அதே காரியத்தைச் செய்தால் கள்ள வேட்டை. சாவோ பகுதியில் வாட்டா என்று ஒரு மக்கள். ஆள் உயர வில்லும் மர விஷம் தடவிய அம்பும் வைத்து யானை வேட்டையாடியவர்கள். அந்த வில்லை முழுதாக இழுக்க வெளியாட்களில் திடகாத்திரமானவர்களே திணறினார்கள். 1948இல் சாவோ தேசியப் பூங்கா ஆனது. 1950களின் நடுவில் வார்டன் டேவிட் ஷெல்ட்ரிக்கும் அவர் ஆட்களும் பெரிய நடவடிக்கை எடுத்து வாட்டா வேட்டைக்காரர்களைப் பிடித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். பிடித்தவர்களே அவர்களுடைய திறமையை வியந்து பேசியிருக்கிறார்கள். வாட்டாக்கள் கொன்ற யானையின் தந்தம் கடற்கரை வியாபாரிகளுக்குப் போனது உண்மை, பசிக்கு மட்டும் வேட்டை என்று கதை பண்ண வேண்டியதில்லை. ஆனால் 1,011 யானை சுட்டவருக்குப் புத்தகமும், விஷ அம்பு எய்தவருக்குச் சிறையும் கிடைத்த காலம் அது. பிறகு யானை பெருகியது, 1970களின் தொடக்கத்தில் பஞ்சம் வந்து சாவோவில் ஆயிரக்கணக்கில் பட்டினியில் செத்தன. யார் செய்தது சரி என்ற சண்டை விலங்கியலாளர்களிடையே வெகுநாள் நடந்தது.

படிக்கும்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். துப்பாக்கி சுமந்து பின்னால் வந்தவருக்குப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒடிந்த புல்லைப் பார்த்து யானை எப்போது போனது என்று சொன்னவர் அவர். முதல் குண்டு தவறியபோது ஓடாமல் நின்று இரண்டாவது துப்பாக்கியைக் கையில் கொடுத்தவரும் அவர். பல நூல்களில் அவர் ‘என் ஆள்’ என்பதோடு முடிந்துவிடுவார். சில நூல்களில் பெயர் மட்டும் வரும், ஊரும் வீடும் வராது. விதிவிலக்கும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் உம்ஃபொலோசி காட்டில் இயன் பிளேயர் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் மகூபு என்டோம்பேலா என்ற ஜூலு ரேஞ்சரும் பல பத்தாண்டு சேர்ந்து நடந்தார்கள். பிளேயர் குழு 1960களில் வெள்ளைக் காண்டாமிருகங்களை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காடுகளுக்கு அனுப்பியது. அந்த இனம் இன்று மிஞ்சியிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மகூபுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிளேயர் அவரைத் தன் குரு என்றே சொன்னார், அவரைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். மகூபுவே எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், தந்த வேட்டைக்காரர்களிடமிருந்து வேண்டாம். ஐம்பதாம் பக்கத்திலேயே அலுத்துவிடும், யானை விழுந்துகொண்டே இருக்கும். ரேஞ்சர்கள் எழுதியதை முதலில் எடுங்கள். கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. அதற்குப் பிந்திய நூல்களில் எதிராளி மாறிவிடுகிறார். சிங்கத்துக்குப் பதில் தானியங்கித் துப்பாக்கியோடு வரும் கூட்டம். ஜார்ஜ் ஆடம்சன் 1989இல் செத்தது சிங்கத்தால் இல்லை, கோரா காட்டில் கொள்ளைக்காரர்களின் குண்டால். அந்த நூல்களைப் படித்துவிட்டுப் பழையவற்றுக்குத் திரும்பினால் அவற்றின் குரல் வேறு மாதிரிக் கேட்கும்.

சாவோ சிங்கங்களுக்கு வருகிறேன். ஒரு சிங்கத்தின் கோரைப்பல் உடைந்து, வேர் சீழ் பிடித்திருந்தது. ஓடுகிற வரிக்குதிரையைப் பிடிக்க முடியாமல் தூங்குகிற மனிதனைத் தேடி வந்ததற்கு அந்தப் பல்வலியும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். இரண்டின் உடைந்த பற்களின் குழிகளிலும் முடி திணிந்து கிடந்தது. நூறு ஆண்டுக்கு மேலாக அங்கேயே இருந்த அந்த முடியை எடுத்து மரபணு சோதனை செய்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, வேறு சில மான் இனங்கள், மனிதன். மனித முடியை மட்டும் அவர்கள் மேற்கொண்டு ஆராயவில்லை. அது யாருடையது என்று தேடுவதற்கு முன்னால், அவருடைய வாரிசுகளாக இருக்கக்கூடிய மக்களிடம் பேச வேண்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.